கண்ணுக்குத் தூரம் காட்டுங்கள்: திரை வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறினாலும், எங்கள் ஊரைப் பலர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். 1917-இல் நம் மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். தோட்டத்தில் குலை அறுப்பவர் நாள் முழுக்கக் கண்ணை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்ப்பார். அண்ணாந்து குலையைப் பார்ப்பார். அடுத்த மரத்துக்கு நடக்கும்போது நிரை முழுதும் கண்ணில் படும். கிட்டேயும் எட்டவும் பார்வை போய்வந்துகொண்டே இருக்கும்.

அவருடைய பிள்ளைகள் இன்று தாமான் வீட்டில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை, கணக்குப் பதிவு, இணையத்தில் சேலை வியாபாரம், எஸ்பிஎம் தேர்வுப் படிப்பு என்று வேலை எதுவானாலும், எட்டு மணி நேரம் கண் ஒரே தூரத்தில் நிற்கிறது. மூன்றே மாதத்தில் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது, சாயங்காலம் எழுத்து மங்குகிறது என்று வருகிறார்கள்.

நான் தோட்ட அலுவலகத்தில் பதினான்கு வருடம் கணக்கெழுதியவள். பேரேட்டில் தொடங்கிக் கணினியில் முடித்தேன். அந்த எரிச்சலை நன்றாக அறிவேன். போன வாரம்கூடப் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, "அக்கா, கண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது?" என்று கேட்டான். "மருந்து இருக்கட்டும்பா, முதல்ல நீ உட்கார்ற மேசையைக் காட்டு" என்று அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கண்ணில் என்ன நடக்கிறது

முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். திரையைப் பார்ப்பதால் வரும் இந்தக் களைப்பு கண்ணை நிரந்தரமாகக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் களைப்பு உண்மையானது, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, தசை. கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றி ஒரு சின்னத் தசை இருக்கிறது. கிட்டே பார்க்கும்போது அது சுருங்கும், வில்லை தடிக்கும். தூரத்தைப் பார்க்கும்போது அது தளரும். 60 செ.மீ. தூரத்தில் இருக்கும் திரையைப் பார்க்கக் கண் எவ்வளவு உழைக்கிறதோ, 30 செ.மீ.யில் பிடித்த கைப்பேசியைப் பார்க்க அதைப்போல இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். 6 மீட்டருக்கு அப்பால் பார்த்தால் அந்த உழைப்பு ஏறக்குறைய இல்லை. தண்ணீர் வாளியைத் தூக்கி நடப்பதைவிட, தூக்கியபடி அசையாமல் நிற்பதுதான் கையைக் கடுக்க வைக்கும். கண்ணுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது, கண்ணீர்ப் படலம். கண்ணின் மேல் எப்போதும் மெல்லிய ஈரம் பரவியிருக்கும். அதன் மேலே, இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் எண்ணெய் ஆடை போலப் படர்ந்து, ஈரம் காயாமல் காக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்தப் படலம் புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரைக்கு முன்னால் அது 5 முதல் 7 ஆகக் குறைந்துவிடுகிறது. அதிலும் பல இமைப்புகள் அரைகுறை, மேல் இமை கீழே வந்து தொடுவதற்குள் திரும்பிவிடும். கண் காய்ந்து எரிவது இதனால்தான். சிலருக்கு எரிச்சல் தாங்காமல் கண்ணீர் கொட்டும். "எனக்குத்தான் தண்ணீர் வழிகிறதே, வறட்சி எப்படி?" என்று கேட்பார்கள். காய்ந்த கண்தான் அப்படி அழும்.

முதல் வேலை: மேசை

கையை நேராக நீட்டுங்கள். திரை உங்கள் விரல் நுனிக்கு அருகில் இருக்கட்டும். கணக்காகச் சொன்னால் 50 முதல் 70 செ.மீ. எழுத்து தெரியவில்லை என்று முகத்தைத் திரைக்குக் கொண்டுபோகாதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். உலாவியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். பதினான்கு வருடத்தில் இந்த ஒரு விஷயத்தை நான் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். பார்வை கொஞ்சம் தாழ்ந்தால் மேல் இமையும் தாழும், கண்ணின் ஈரம் காய்கிற பரப்பு குறையும். மடிக்கணினியில் ஒரு சிக்கல் உண்டு. அதை அப்படியே மேசையில் வைத்தால் கழுத்து மடங்கும், புத்தகங்களை அடுக்கி உயர்த்தினால் கை எட்டாது. மலிவான தனி விசைப்பலகை ஒன்று வாங்கிவிட்டால் இரண்டும் தீரும். கண்ணுக்கென்று காசு செலவழிக்கப்போகிறீர்கள் என்றால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

பிறகு வெளிச்சம். நம் ஊர் வெயில் காலை பத்து மணிக்கே கண்ணைப் பறிக்கும். சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் பளபளக்கும். அதனால் சன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். திரையின் வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்தால் வெளிச்சம் அதிகம், தாளைவிட மங்கி அழுக்காகத் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். இரவிலும் பகலிலும் ஒரே அளவு சரிவராது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருட்டில் சிலருக்கு இதமாக இருக்கும். சிதறல் பார்வை (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் உருவம் தெளிவில்லாமல் தெரியும் குறை, ஆங்கிலத்தில் astigmatism) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்து கசிந்து தெரியலாம். உங்களுக்கு எது எளிதாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று. தம்பியின் அறைக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது மேசைக் காற்றாடியைத்தான். அது ஓர் அடி தூரத்திலிருந்து அவன் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி மாதிரி கண்ணைக் காய வைத்துக்கொண்டு, மருந்து தேடியிருக்கிறான். காற்றாடியைக் காலுக்கோ முதுகுக்கோ திருப்புங்கள். ஏர்கோன் இருந்தால் அதன் வாயிலிருந்து நேராக வரும் காற்றில் உட்காராதீர்கள். 2015-லும் 2019-லும் வந்ததுபோலப் புகைமூட்டம் சூழும் நாட்களில் சன்னலை மூடிவிடுங்கள். அந்த நாட்களில் கண் ஏற்கெனவே எரிச்சலோடுதான் இருக்கும்.

தீபாவளி நேரத்தில் நேரலையில் சேலை விற்கும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முகம் பளிச்சென்று தெரிய, வட்ட விளக்கை நேரே கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுகிறீர்கள். விளக்கைக் கண் மட்டத்துக்கு மேலே ஏற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். சேலையின் நிறம் அப்போதும் சரியாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் எழுதுவதைப் படிக்க ஒரு கைப்பேசியைக் கிட்டே பிடிப்பதற்குப் பதில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை: தூரம்

கண் மருத்துவர்கள் பலர் சொல்லும் 20-20-20 வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 வினாடி பாருங்கள் என்பதுதான் அது. ஜெஃப்ரி ஏன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் இதைப் பரப்பினார். எண்கள் நினைவில் நிற்பதற்காக அப்படி வைத்தது, ஒரு நிமிடம் முன்பின்னாகப் போனால் தவறில்லை.

சொல்வது எளிது, செய்வதுதான் கடினம். 20 அடி என்றால் 6 மீட்டர். தாமான் வீட்டு அறைக்குள் 6 மீட்டர் எங்கே இருக்கிறது? பலர் எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டு, செய்தாயிற்று என்கிறார்கள். சுவர் இரண்டு மீட்டரில் நிற்கிறது. கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது சிரமம். எங்களைப் போன்ற தோட்டப்புறத்துக்காரர்களுக்கு வீட்டுப் பின்கதவைத் திறந்தால் போதும். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில்தான் நடுவது வழக்கம், ஏறக்குறைய 30 அடி. வேலியோரம் நிற்கும் மரத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த மரத்தைப் பார்த்தாலே கண்ணுக்குத் தேவையான தூரம் கிடைத்துவிடும். நிரையின் கடைசி வரை பார்வையை ஓடவிட்டால் இன்னும் நல்லது. இதற்காகவே தம்பியின் மேசையைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, தலையைத் திருப்பினால் பின்சன்னல் வழியாகத் தோட்டம் தெரியும்படி போட்டோம். எழுந்து போக வேண்டும் என்றால் சோம்பல் வரும். தலையைத் திருப்பினால் போதும் என்றால் யாரும் செய்வார்கள்.

பார்க்கும்போது சும்மா வெறிக்காமல் எதையாவது தேடுங்கள். மட்டையில் எத்தனை ஓலை காய்ந்திருக்கிறது, மரத்தில் குருவி இருக்கிறதா என்று தேடினால் கண் உண்மையிலேயே அங்கே போய் நிலைக்கும். இல்லையென்றால் முகம் வெளியே இருக்கும், பார்வை எங்கும் போயிருக்காது.

நேரம் எப்படித் தெரியும்? தொடக்கத்தில் கைப்பேசியில் மணி வைக்கலாம். இரண்டு நாளில் எரிச்சலாகி அணைத்துவிடுவீர்கள், அது இயல்பு. நான் வேலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் கணக்கு முடிந்தால் வெளியே ஒரு பார்வை. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் ஓர் அழைப்பு முடிந்ததும் பார்க்கலாம். மேசையில் பெரிய தண்ணீர்ப் புட்டி வைக்காமல் சின்னக் குவளை வையுங்கள். அது தீரத் தீர எழுந்து அடுக்களைக்குப் போவீர்கள், போகிற வழியில் பின்கதவும் இருக்கும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் கால் மணி நேரம் திரையை விட்டு விலகுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்காது. அதை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இமைக்கப் பழகுங்கள்

இது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் எனக்கு மிகவும் உதவியது. தூரத்தைப் பார்த்து முடித்ததும் கண்ணை மெதுவாக மூடுங்கள். இரண்டு எண்ணும் வரை மூடியே இருக்கட்டும். லேசாக ஒரு முறை அழுத்தி மூடித் திறங்கள். இப்படிப் பத்து முறை. மேல் இமை கீழ் இமையை முழுதாகத் தொடுகிறதா என்பதில் கவனம் இருக்கட்டும். ஓரிரு வாரத்தில் முழு இமைப்பு பழக்கமாகும்.

சாயங்காலம் வேலை முடிந்த பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். சுத்தமான கைத்துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் போதும். மூடிய இமைமேல் அழுத்தாமல் வையுங்கள். துண்டு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் மறுபடி நனைத்து நனைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் செய்ய வேண்டும். சுரப்பிகளில் உறைந்திருக்கும் எண்ணெய் இளகி வரும். கண் சிவந்து பீளை கட்டியிருந்தால் இதைச் செய்யாமல் கிளினிக்குக்குப் போங்கள், அந்தத் துண்டை வீட்டில் வேறு யாரும் தொட வேண்டாம்.

கண்ணுக்குள் எதை விடலாம்

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். கண் சிவக்கிறது என்று ஒரு கடையில் கேட்டபோது, சிவப்பை நீக்கும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். விட்ட ஐந்து நிமிடத்தில் கண் வெள்ளை வெளேரென்று ஆனது. சந்தோஷமாக நாலு மாதம் விட்டேன். போகப் போக மருந்து இல்லாவிட்டால் கண் முன்பைவிட அதிகமாகச் சிவந்தது. அந்த மருந்து இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அதன் வேகம் அடங்கியதும் குழாய் இன்னும் விரிகிறது என்று பிறகு ஒரு மருந்தாளர் விளக்கினார். வறட்சிக்கு அது மருந்தே கிடையாது.

வறட்சிக்குத் தேவை செயற்கைக் கண்ணீர். மருந்தகத்தில் அப்படியே கேளுங்கள். கெடாமல் இருக்க வேதிப்பொருள் சேர்த்த புட்டி என்றால் ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்தப் பொருள் சேராத, ஒரு தடவைக்கான சின்னக் குப்பிகளை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதல். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்குப் பிறகு வீச வேண்டும், அட்டையில் போட்டிருக்கும். விடும்போது கீழ் இமையை லேசாக இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருங்கள். புட்டியின் நுனி இமையில் படக்கூடாது.

பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த மருந்தை விடவே விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு என்ற, வீக்கத்தை அடக்கும் மருந்து இருந்தால், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து விடும்போது கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். தாய்ப்பால், தேன், நல்லெண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டிமார் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் கண்ணுக்குள் கிருமி போக அது வழி. வெள்ளரித் துண்டை மூடிய கண்மேல் வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ச்சியாக இருக்கும், கெடுதல் இல்லை.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது, குறுகிய காலத்தில் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காசுக்கு விசைப்பலகை வாங்கலாம் என்பது என் கருத்து.

கண்ணைச் சோதித்துவிடுங்கள்

மேலே சொன்னதையெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி போகவில்லை என்றால், பவர் இருக்கக்கூடும். எனக்கு இருந்தது. தூரம் நன்றாகத் தெரிந்ததால் கண்ணில் குறையில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன அளவு சிதறல் பார்வையோடு கண் பல வருடமாகச் சிரமப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடி போட்ட முதல் வாரமே நெற்றி வலி நின்றது.

மலேசியாவில் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர்கள் 1991-ஆம் ஆண்டு ஒளியியல் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். கடைச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக உட்கார்ந்திருக்கும்போது கண்ணிலிருந்து திரை வரை எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது மிகவும் முக்கியம். படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. அளவில் தெளிவாகக் காட்டும், திரை அதைவிடத் தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலியையும் சேர்த்து வாங்குகிறார்கள். திரைத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்ளலாம். பசார் மாலாமில் கிடைக்கும் ஆயத்தக் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். அவசரத்துக்கு ரசீது படிக்கலாம், எட்டு மணி நேர வேலைக்கு ஆகாது.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டம் நடக்கிறது. வெளிவெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. நம் பிள்ளைகளுக்குத் திடல் பக்கத்திலேயே இருக்கிறது, சாயங்காலம் அனுப்புங்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டக் கைப்பேசியைக் கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும். நம்மவர்களிடையே இந்த நோய் அதிகம். பார்வை அடிக்கடி மங்குவதைத் திரைமேல் பழிபோட்டுவிட்டுச் சர்க்கரையைப் பார்க்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

சில அறிகுறிகளுக்கு இந்தக் கட்டுரை உதவாது. திடீரென்று பார்வை போவது, மின்னல் வெட்டுவதும் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பதும், பார்வையில் திரைச்சீலை இறங்குவது, கடும் வலியோடு கண் சிவப்பது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி வருவது, ஒன்று இரண்டாகத் தெரிவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

விழித்திரைச் சோதனைக்குப் போகும் நாளில் கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணி நேரம் வரை கிட்டே உள்ளது மங்கும், வெயில் கூசும். அன்று திரை வேலை ஓடாது, விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நீங்கள் ஓட்ட வேண்டாம், தம்பியையோ மகனையோ கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள்.